மீட்டர் அக்கா ஒட்டிய சீட்டு

“இது பன்னிரண்டு வோல்ட் அடாப்டர்” என்று மீட்டர் அக்காவிடம் சும்மா சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. “யாரு சொன்னது?” என்பார். முதுகிலேயே அச்சடித்திருக்கிறதே என்று திருப்பிக் காட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடாப்டரை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

“அது அச்சாபீசுக்காரன் சொன்னது தம்பி. அடாப்டரு இன்னா சொல்லுதுன்னு கேப்போம்.”

பிறகு, வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் எடுப்பார். பன்னிரண்டு என்று போட்ட பழைய காலத்து அடாப்டரை வேலை எதுவும் கொடுக்காமல் அளந்தால் பதினேழு காட்டும். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி சிரிப்பார். ஒரு சின்ன வெள்ளைச் சீட்டில் தேதி, மீட்டர் காட்டியது, கூடவே ‘ஆகும்’ அல்லது ‘ஆகாது’ என்று ஒரு சொல் எழுதி அதன் மேல் ஒட்டுவார். அதற்குப் பிறகுதான் அவர் கண்ணுக்கு அது ஒரு பொருள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. வாசலில் பலகை கிடையாது. முன்னறையில் ஒரு மர மேசை, மேலே ரப்பர் விரிப்பு, சுற்றிலும் வாய் பிளந்து கிடக்கும் அடாப்டர்கள், யாரோ கொடுத்துவிட்டு எடுக்க வராமல் போன ஒரு கீபோர்டு. தலையில் முக்காடு, புடவைக்கு மேல் நீலக் கோட்டு. தட்டாஞ்சாவடியில் அடாப்டர் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் சோதனைப் பிரிவில் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள், இவர் கோட்டைக் கழற்றவில்லை. அந்த மீட்டரும் கம்பெனி மூடும்போது இவர் கேட்டு வாங்கி வந்ததுதான். ஒரு தடவை கீழே விழுந்து அதன் திரையில் ஒரு மூலை கறுத்துப் போயிருந்தது. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. மீட்டர் அக்கா என்றால் தபால்காரருக்கே தெரியும்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ரயிலால்.

என் தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகும் பிரான்சிலேயே தங்கிவிட்டவர். பிள்ளைகள் இல்லை. அத்தை இறந்துபோன பிறகு பெரிய வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு மாறினார். நாற்பது வருஷமாகச் சேர்த்த ரயில்களை அந்த அறையில் எங்கே வைப்பது? பெட்டி கட்டிக் கப்பலில் எனக்கு அனுப்பிவைத்தார். “பொம்மையெல்லாம் பத்திரமா வந்துடுச்சி மாமா” என்று நான் போனில் சொல்லப்போக, அரை மணி நேரம் திட்டு வாங்கினேன். பொம்மை இல்லையாம், மாதிரியாம். ஒரு சாண் நீளப் பெட்டிகள், இஞ்சின்கள், ஒரு ஸ்டேஷன், ஒரு கலங்கரை விளக்கம், விரல் உயரத்தில் இருபத்திரண்டு தெருவிளக்குக் கம்பங்கள். அந்தக் கம்பங்களுக்குள் கோதுமை மணி அளவில் பல்புகள். கம்பத்தோடு சேர்த்து அடைத்துவிட்டவை, மாற்ற முடியாது. ஒன்று போனால் பிரான்சிலேயே இப்போது கிடைக்காது என்று மாமா பெட்டிக்குள் எழுதி வைத்திருந்தார்.

நான் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் குமாஸ்தா. பகல் முழுக்கக் கோப்பு, சாயங்காலம் பஸ். அதற்கு மேல் எனக்கு ஒரு வாழ்க்கை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மாடி அறையில் இரண்டு பிளைவுட் பலகையைச் சேர்த்துப் போட்டேன். தண்டவாளம் பதித்தேன். கார்க்கில் மலை செய்தேன். என் மனைவி ஒரு நாள் மேலே வந்து பார்த்துவிட்டு, “நாப்பத்தஞ்சி வயசுல மத்தவங்களுக்கு சக்கர வருது, உங்களுக்கு ரயிலு வந்துருக்குது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ரயிலை ஓட்ட மாமாவின் கட்டுப்பாட்டுப் பெட்டியே இருந்தது. விளக்குகளுக்கும், லெவல் கிராசிங் கேட்டுக்கும், சுற்றுகிற கலங்கரை விளக்கத்துக்கும் தனியாக மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டில் செத்துப்போன கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. கம்ப்யூட்டர்தான் செத்தது, அதற்குள் இருந்த மின்பெட்டி சாகவில்லை. அதைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் உயிர் வரும் என்று எங்கோ படித்தேன். வந்தது. மஞ்சள் ஒயரில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து. சிவப்பைக் கேட்டின் மோட்டாருக்குக் கொடுத்தேன். எங்கேயோ இரண்டு ஒயர் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டி நிற்கவில்லை, அது பாட்டுக்கு மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒயரின் தோல் உருகி வழிந்து, கார்க் மலை புகைந்து, கீழே சமையலறை வரைக்கும் நாற்றம் போனது.

“இன்னொரு தபா பொகை வந்துச்சுன்னா மாமாவும் கெடையாது, ரயிலும் கெடையாது” என்றாள் மனைவி. அவளே அடுத்த தெரு அக்காவிடம் போகச் சொல்லி அனுப்பினாள்.

அக்கா உருகின ஒயரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஃப்யூஸ் எங்க தம்பி?”

“பொட்டிக்குள்ளயே இருக்கும்னு நெனச்சேங்க்கா.”

“யாரு சொன்னது?” என்றார். “கம்ப்யூட்டரு பொட்டின்றது கல்யாண வூட்டு அண்டா. அதுலேர்ந்து நேரா எடுத்துக் கொழந்தைக்குப் பாலு ஊத்துறீங்க. நடுவுல ஒரு சங்கு வேணாமா?”

அந்தச் சங்குதான் ஃப்யூஸ். கண்ணாடிக் குழாய்க்குள் முடி மாதிரி ஒரு இழை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எட்டு ஃப்யூஸ் வைத்துக் கொடுத்தார். “ஒன்னு செத்தா அதோட போவணும். ஊரே இருட்டாவக் கூடாது.” என் மனைவி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பலகையின் அடிவயிற்றில் படுத்து வேலை செய்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர் படுத்துக்கொண்டு டீ குடித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மின்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு சடங்கு உண்டு. பிளக்கை உருவிக் கால் மணி நேரம் வைப்பார். அப்புறமும் தொடமாட்டார். இரண்டு ஒயர் நீட்டின பழைய நாற்பது வாட் பல்பு ஒன்று வைத்திருந்தார். அந்த ஒயர்களை உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பருத்த கெப்பாசிட்டரின் கால்களில் வைப்பார். பல சமயம் ஒன்றும் நடக்காது. சில சமயம் பல்பு கண் சிமிட்டி அணையும்.

“பாத்தீங்களா. சுவிட்ச அணைச்சதும் அடங்கிடுச்சின்னு நெனைக்கக் கூடாது. உள்ள கொஞ்சம் கோவம் நின்னுக்கிட்டுதான் இருக்கும். அத்த எறக்கிட்டுதான் கைய வெக்கணும்.”

கம்பெனி நாட்களைப் பற்றி அவராகப் பேசமாட்டார். அவரோடு வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் லாரி வந்து வாசலில் நிற்கிறது, மேனேஜர் வந்து ‘சரி என்று முத்திரை குத்தி அனுப்பு’ என்கிறார். அக்கா இருபது அடாப்டரை அளந்திருந்தார், அதில் ஆறு சூடேறியது. முத்திரை குத்த மாட்டேன் என்றார். மேனேஜர் மேலும் கீழும் குதித்து, நானே குத்திக்கொள்கிறேன் என்று முத்திரையைத் தேடினால் அதைக் காணோம். அக்கா அதைச் சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில் போட்டு மூடி, மணி ஐந்தானதும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். லாரி மறுநாள் வரைக்கும் நின்றது. வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. அதற்கும் முத்திரை வேண்டுமே என்று, எனக்கு இதைச் சொன்னவர் சிரித்தார்.

மகளுக்குக் காரைக்காலில் மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கதைதான். பையன் தங்கம் என்று தரகர் சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அக்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், மாப்பிள்ளையின் தையல் சாமான் கடையில் முக்கால் மணி நேரம் நின்று பொத்தான் பார்த்தார். வெள்ளைப் பொத்தானை எடுக்கச் சொல்லி, வேண்டாம் என்று, நீலத்தை எடுக்கச் சொல்லி, அதுவும் வேண்டாம் என்று, மறுபடியும் வெள்ளை. கடைசியில் ஒன்றும் வாங்காமல் இறங்கினார். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் பொத்தான்களைத் திரும்பக் கொட்டி வைத்தானாம். “ஆகும்னு தெரிஞ்சிடுச்சி” என்றார் என்னிடம். மாப்பிள்ளைக்குச் சீட்டு மட்டும்தான் ஒட்டவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை நம்பாமல் இருக்க முடியுமா? எனக்கு ஆபீசில் ஒருத்தரையும் நம்பத் தோன்றாது. அக்காவின் சீட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பேன்.

விளக்குகளுக்கு மட்டும் அவர் ஒரு விசேஷம் செய்தார். பன்னிரண்டு வோல்ட் பல்புக்குப் பன்னிரண்டைக் கொடுக்கவில்லை. வழியில் நான்கு டயோடுகளை வரிசையாகப் பற்றவைத்தார். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட்டு, பல்புக்கு ஒன்பது சொச்சம் போய்ச் சேரும். வெளிச்சம் மஞ்சளாக, மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி வந்தது. இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கலாமே என்றேன். “கொறச்சிக் குடுத்தா ரொம்ப நாளு வரும் தம்பி. இதுங்களுக்கு மறுபொறப்பு கெடையாதுன்னு உங்க மாமாவே எழுதி வெச்சிருக்காரு.”

அந்த மாமாதான் ஒரு நாள் போன் செய்து, டிசம்பரில் வருகிறேன் என்றார். டாக்டர்கள் அவர் இதயத்தில் இரண்டு தடவை கத்தி வைத்திருந்தார்கள். இதற்கு மேல் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அப்படியானால் அதற்கு முன்னால் ஒரு தடவை ஏறிவிடுகிறேன் என்று டிக்கெட் எடுத்திருக்கிறார். ஒரு வாரம் இருப்பார். “மொத்தமா ஓட்டிக் காட்டுடா. பிரான்சுல பாதிப் பாதியாத்தான் ஓட்டியிருக்கேன், எடம் பத்தல. வெளக்கெல்லாம் போட்டு ஒரு தபா பாக்கணும்.”

அதுதான் கடைசித் தடவை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் லீவு போட்டேன்.

மாமா வருவதற்கு இரண்டு நாள் முன்னால், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அக்காவைக் கூப்பிட்டேன். பலகைக்கு அடியில் படுத்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

“தம்பி, மஞ்ச ஒயரு பதினாலு காட்டுது.”

“இருந்துட்டுப் போவட்டும்க்கா. ரெண்டு டயோடு சேத்துப் போட்டுட்டா?”

“அதில்ல. பன்னெண்டுல நிக்க வேண்டியது பதினாலுல நிக்குதுன்னா உள்ள கட்டுப்பாடு போயிடுச்சின்னு அர்த்தம். இன்னிக்கி பதினாலு, நாளைக்கி இருவது. இருவத்திரெண்டு பல்பும் ஒரே நொடியில போயிடும்.”

சீட்டு எழுதி ஒட்டிவிட்டார். 14.1. ஆகாது.

மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவில் புதுசாக ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அளந்தார். 14.2. அவருக்கே நெற்றி சுருங்கியது. திருப்பித் திருப்பி அளந்தார்.

“புதுசுக்கா. இப்பதான் டப்பாவ உடைச்சேன்.”

“புதுசுன்னு யாரு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “எனக்கு மனசு ஒப்பல தம்பி. மாமாவோட பல்பு. உங்க இஷ்டம்.”

நான் மாட்டவில்லை.

மாமா வந்தார். நான் நினைத்ததில் பாதியாக இருந்தார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். ரயில் ஓடியது, அதில் குறையில்லை. மலையைச் சுற்றி வந்து ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். “இது நானும் உங்க அத்தையும் வாங்கினது. சம்பளம் வந்த அன்னிக்கி ஒன்னு ஒன்னா வாங்குவோம்.” விளக்கு ஏன் எரியவில்லை என்று நான் சொன்னபோது தலையாட்டினார். “பராவால்லடா. வெளக்கு இல்லாத ஸ்டேஷன்ல நான் எத்தினி ராத்திரி நின்னுருக்கேன்.” ஒரு வாரமும் தினம் ஒரு தடவை ஏறி வந்தார். இருட்டு ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் விமானம் ஏறிவிட்டார்.

அவர் போய் ஒன்பதாம் நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். மீட்டர் அக்கா எங்கள் வாசலில் நின்றார். நீலக் கோட்டோடு நின்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நான் அவரைப் பார்த்ததில்லை. கையில் மீட்டரும் ஒரு நோட்டும்.

“தம்பி, உங்க பொட்டி நல்ல பொட்டி. நான் சொன்னது தப்பு.”

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். காலையில் சுவர்க் கடிகாரத்துக்குப் புது செல் போடும்போது, பழக்கத்தில் அதையும் அளந்திருக்கிறார். ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டியது ஒன்றே முக்காலைத் தாண்டிப் போயிருக்கிறது. செல் என்றைக்காவது அதிகமாகப் பேசுமா? மீட்டரைத் திறந்து பார்த்தால், அதற்குள் இருக்கும் பேட்டரி ஓய்ந்து கிடந்தது. பேட்டரி ஓய்ந்தால் அந்த மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். பேட்டரி ஓய்ந்ததைக் காட்டும் குறி திரையின் ஓரத்தில் வரும். அந்த ஓரம்தான் விழுந்து கறுத்துப் போன மூலை. அளந்ததையெல்லாம் எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டி, எந்தத் தேதியிலிருந்து எண்கள் ஏறின என்று பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ‘ஆகாது’ எழுதியது பதினொரு வீடு. காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

“உங்க வூட்டுக்குத்தான் மொதல்ல வந்துருக்கணும்” என்றார். “பயமா இருந்துச்சி. அதான் கடைசியா வந்தேன்.”

நான் நல்லவன் மாதிரி எழுதிக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு நான் நல்லவனாக இல்லை. கத்தினேன். ஒரு சின்ன பேட்டரிக்காக அந்த மனிதன் மாடிப்படி ஏறி ஏறி இருட்டைப் பார்த்துவிட்டுப் போனான் என்றேன். இப்போது வந்து உண்மையைச் சொல்லி என்ன புண்ணியம், உங்கள் உண்மையை வைத்து நான் என்ன செய்வது, அவர் இனிமேல் வரப்போவதில்லை என்றேன். உள்ளேயிருந்து மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அக்கா முகத்தைத் திருப்பவில்லை. நான் மூச்சு வாங்கி நிறுத்துகிற வரைக்கும் நின்றார்.

“எறங்கிடுச்சா தம்பி?” என்றார் மெதுவாக.

எனக்கு அந்த நாற்பது வாட் பல்பு ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

“அந்தப் புது அடாப்டர நீங்க கொண்டாந்தப்பவே எனக்கு எட்டியிருக்கணும்” என்றார். “ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு தோணுச்சின்னா, கேக்குறவன் காதப் பாக்கணும். நான் பாக்கல. மத்ததையெல்லாம் அளந்தேன், அளக்குறத அளக்கல.” நோட்டை மூடிவிட்டு, “நீங்களும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வேற மீட்டர்ல பாருங்கன்னு. நான் சொல்லிட்டா மட்டும் அளக்க வேணாமா?”

சுருக்கென்றது. காலாப்பட்டில் எங்கள் வளாகத்திலேயே பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கேட்டால் ஒரு நாளைக்கு மீட்டர் கொடுத்திருப்பார்கள். கேட்கவே தோன்றவில்லை. யாரு சொன்னது என்று அவர் ஆயிரம் தடவை கேட்டதை அருகிலேயே இருந்து பார்த்தவன், அவர் சொன்னபோது மட்டும் கேட்காமல் விட்டேன்.

“மாமாவுக்குப் போனு போடுங்க. நானே சொல்லணும்” என்றார்.

மூன்று பேரும் மாடிக்குப் போனோம். அவர் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டிருந்தார். அதை நம்பாமல் முதலில் ஒரு புது செல்லை அளந்தார், அப்புறம்தான் பெட்டியை. 12.1. ஜன்னல்களைச் சாத்திவிட்டு நான் வீடியோ காலில் மாமாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம்.

“இன்னாடா, எதுனா வுட்டுட்டு வந்துட்டனா?”

போனை அக்காவிடம் கொடுத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“ஐயா, உங்க வெளக்கு எரியாததுக்குக் காரணம் நான்தான். பொட்டி மேல தப்பில்ல. என் மீட்டரு தப்பா காட்டிச்சி, நான் பாக்காம வுட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்.”

திரையில் மாமாவின் முகம் அசையவில்லை, நான் லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு, “சரி, இப்ப போடும்மா, பாப்போம்” என்றார்.

அக்காவே சுவிட்சைப் போட்டார். இருபத்திரண்டு கம்பங்களிலும் மெல்ல மஞ்சள் ஏறியது. ஸ்டேஷன் ஜன்னல்கள் எரிந்தன. கலங்கரை விளக்கம் கார்க் மலை மேல் வெளிச்சத்தைத் தடவிக்கொண்டு சுற்றியது. நான் போனைத் தெரு தெருவாகக் கொண்டு போனேன். மாமா வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். “இருவத்திரெண்டு. வுவாலா, எல்லாம் இருக்குது.” பிறகு, “ஏன் கொஞ்சம் மங்கலா இருக்குது?”

“நான்தாங்க கொறச்சி வெச்சிருக்கேன். கொறச்சிக் குடுத்தா ரொம்ப நாளு வரும்.”

“என் டாக்டரும் அதத்தாம்மா சொல்றான்” என்று மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். “இதுல இன்னா இருக்குது. நேர்ல பாத்திருந்தாலும் அஞ்சு நிமிசம் பாத்துட்டு காப்பி குடிக்கத்தான் எறங்கியிருப்பேன். நீ மனசுல வெச்சிக்காத.”

அந்த இடத்தில் நானாக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போனை வைத்திருப்பேன். எவ்வளவு சுலபமான மன்னிப்பு. அக்கா அதையும் அளந்து பார்த்தார்.

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. நேர்ல பாக்குறது நேர்ல பாக்குறதுதான். அது என்னால போச்சி.”

மாமா சிரிப்பதை நிறுத்தினார். அவர் கண்ணைத் துடைத்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

“ஆமாம்மா” என்றார். “அவ வாங்குன வெளக்கு. நேர்ல பாத்திருக்கணும்.” “மெர்சிம்மா” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். “எங்கிட்ட யாரும் இப்பல்லாம் நெசத்த சொல்றதில்ல. டாக்டருகூட” என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மாமா போன் செய்வார். ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போடுவேன். அவர் எண்ணுவார். அடுத்த குளிர்காலம் வரைக்கும் எண்ணினார்.

அக்கா இப்போது காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் மேசை போட்டுவிட்டதாகக் கேள்வி. தினமும் காலையில் முதல் வேலையாக ஒரு புது செல்லை அளந்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறாராம். நானும் அப்படித்தான். அதற்கென்று ஒரு செல் வாங்கி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு விளக்கில் இன்றுவரை ஒன்றுகூடப் போகவில்லை.

அன்றைக்கு அவர் கிளம்பும் முன், பெட்டியின் மேலிருந்த ‘ஆகாது’ சீட்டைப் பிய்க்க நான் நகத்தை வைத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். “பிய்க்காதீங்க தம்பி. ரெண்டும் இருக்கட்டும்” என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து எழுதி, அதற்குக் கீழேயே ஒட்டினார். மாடிக்கு ரயில் பார்க்க வருகிறவர்களை முதலில் குனியவைத்து, பலகைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியைத்தான் காட்டுகிறேன். மேலே, 14.1, ஆகாது. கீழே அதே கையெழுத்தில்:

‘மேலே இருப்பது பொய். எழுதியது நான். 12.1. ஆகும்.’